ஆஸ்திரேலியா கழித்துக்கட்ட இருந்த 32 டிஷ்கள்: இந்திய ரேடியோ வானியலுக்கு விதை போட்ட வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன் யார்?

திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். அதே மலைத்தொடரில் இருக்கிற காவலூரில், 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த வைணு பாப்பு தொலைநோக்கி 1986ல் இருந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கு இருட்டு வேண்டும், மேகம் இல்லாத வானம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பல ராத்திரிகள் வேலை நடக்காது.

இன்னொரு வகை தொலைநோக்கி இருக்கிறது. அதுக்கு மழை மேகமும் பெரிய தடை இல்லை, பட்டப்பகலும் தடை இல்லை. வானத்தில் இருந்து வருகிற வெளிச்சத்தை விட்டுவிட்டு ரேடியோ அலைகளைப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஊட்டியில் ஒன்று இருக்கிறது. புனே பக்கத்தில் 30 பெரிய டிஷ்கள் சேர்ந்த ஒன்று இருக்கிறது. உலகத்தின் முன்னணி ரேடியோ தொலைநோக்கிகளில் ஒன்று என்று இன்றைக்கு அதற்குப் பெயர்.

இவற்றைக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். 2020ல் காலமான அவரை இந்திய ரேடியோ வானியலின் தந்தை என்றுதான் சொல்வார்கள். சரி, அந்த கோவிந்த் ஸ்வரூப்பை இந்தத் துறைக்குள் அனுப்பி வைத்தது யார்?

ஒரு தமிழர். நோபல் பரிசு வாங்கிய ராமன் விளைவில் கூடவே இருந்து வேலை பார்த்தவர். பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே.எஸ். கிருஷ்ணன்.

வத்திராயிருப்பில் இருந்து கல்கத்தா வரை

1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். அப்பா விவசாயம் பார்த்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல படிப்பு உள்ளவர். அந்த இரண்டு மொழிப் பற்றும் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது, கடைசி வரை போகவில்லை.

மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் துறையில் செய்முறை வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து இயற்பியல், வேதியியல், கணக்கு என எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு பழக்கத்தை அங்கே ஆரம்பித்தார். மற்ற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு, சம்பளமும் இல்லை. ஆனாலும் கூட்டம் சேர்ந்தது.

1920ல் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே சி.வி. ராமன் இருந்தார். ராமனின் ஆராய்ச்சி நடந்த இடம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். கொஞ்ச காலத்தில் கிருஷ்ணனும் அங்கே சேர்ந்துவிட்டார்.

1928 பிப்ரவரியில் நடந்தது என்ன?

இந்தக் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி இதுதான், அதனால் சுருக்கமாகவே பார்க்கலாம். ஒரு நிற ஒளியை எடுத்துத் திரவத்துக்குள் பாய்ச்சுகிறோம். பெரும்பாலான ஒளி அதே நிறத்தில் சிதறும். ஆனால் மிக மிகச் சிறிய பங்கு, ஏறக்குறைய கோடிக்கு ஒன்று என்ற கணக்கில், வேறு நிறமாக மாறி வெளியே வருகிறது. நிறம் மாறுகிறது என்றால் அலையின் அதிர்வெண் மாறுகிறது என்று அர்த்தம். அந்த மாற்றத்தைப் பார்த்து, உள்ளே இருக்கிற மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த பிப்ரவரி மாதம் சோதனை மேஜையில் நாள் கணக்காக உட்கார்ந்து, சூரிய ஒளியை வடிகட்டி, ஒவ்வொரு திரவமாக மாற்றி மாற்றிக் கண்ணால் பார்த்தவர் கிருஷ்ணன். சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். அன்றன்றைக்கு நடந்ததை அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டுகிற ஆவணம் அது. பிப்ரவரி 28ஆம் தேதி விஷயம் உறுதியானது. பிரிட்டனின் நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தது.

1930ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அப்போது கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே அவரோடு வேலை பார்த்தவர் இன்னொரு பெரிய ஆள், சத்யேந்திர நாத் போஸ்.

பரிசில் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்கிற விவாதம் இன்னும் ஓயவில்லை. கிருஷ்ணன் அதற்காகச் சண்டை போட்டவர் இல்லை. படிகங்களின் காந்தத் தன்மை என்று வேறு திசையில் திரும்பினார். 1933ல் மறுபடியும் கல்கத்தா, 1940ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946ல் சர் பட்டம். ராமனின் நிழலில் நின்றவர் என்று அவரை முடித்துவிட முடியாது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

தில்லியில் புது வேலை

1947ல் நாடு விடுதலை அடைந்த நேரத்தில், தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் என்று ஒன்றைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். கட்டடம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது.

எடைக்கல், அளவுகோல், கடிகாரம் எல்லாம் நாடு முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும், அந்த அளவுகளைக் காக்க வேண்டும் என்பதுதான் அப்படிப்பட்ட ஆய்வகத்தின் அடிப்படை வேலை. கிருஷ்ணன் அதோடு நிற்கவில்லை. புது ஆராய்ச்சிக்கு ஆட்களைத் தேடினார்.

அப்படி 1950ல் வந்து சேர்ந்தவர்தான் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப் பிரதேச இளைஞர், வயது 21. கிருஷ்ணன் பேராசிரியராக இருந்த அதே அலகாபாத் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர். அவருக்குக் கிருஷ்ணன் கொடுத்த வேலை, 3 சென்டிமீட்டர் ரேடியோ அலைகளை வைத்துப் பொருட்களின் காந்தத் தன்மையை ஆராய ஒரு கருவி கட்டுவது. கடையில் கிடைக்கிற கருவி இல்லை அது. இரண்டாம் உலகப் போரில் மிச்சப்பட்ட ரேடார் பெட்டிகள் ஆய்வகத்தில் கிடந்தன. ஸ்வரூப் அவற்றைப் பிரித்துப் பிரித்துக் கருவியைக் கட்டி முடித்தார். பையன் கையில் வேலை ஓடும் என்று கிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது.

சிட்னி பயணம் எதை மாற்றியது?

1952 ஆகஸ்ட். சர்வதேச ரேடியோ அறிவியல் ஒன்றியத்தின் மாநாடு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்தது. கிருஷ்ணன் போனார்.

அந்தக் காலத்தில் ரேடியோ வானியல் பிறந்து 20 வருஷம்தான் ஆகியிருந்தது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்கிற பொறியாளர், தொலைபேசி இணைப்பில் வருகிற இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய், அதில் ஒரு பகுதி நம் பால்வெளியில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். போர் முடிந்ததும் ரேடார் செய்தவர்கள் கையில் நல்ல கருவியும் இருந்தது, நேரமும் இருந்தது. சிட்னியில் ஜோசப் பாசி என்பவர் தலைமையில் ஒரு குழு அந்த ரேடார் அறிவையெல்லாம் வானத்துப் பக்கம் திருப்பியது. பிரிட்டனுக்குச் சமமாக அந்தக் குழு ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் குழுவின் வேலையைக் கிருஷ்ணன் அங்கே நேரில் கண்டார். தில்லி திரும்பியதும் ஆய்வகத்தில் அதைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். கேட்டவர்களில் ஒருவர் ஸ்வரூப். அன்றைக்குத்தான் அவர் மனசு இந்தப் பக்கம் திரும்பியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிருஷ்ணன் வானியல்காரர் இல்லை. 54 வயதை நெருங்கும் இயக்குநர், தன் துறை படிகமும் உலோகமும். இருந்தாலும் தனக்குத் தெரியாத ஒரு துறை நம் நாட்டில் வர வேண்டும் என்று முடிவு பண்ணினார். கொழும்புத் திட்டம் என்ற உதவித்தொகையில் இரண்டு பேரை இரண்டு வருஷத்துக்கு சிட்னி அனுப்ப ஏற்பாடு நடந்தது. ஒருவர் ஸ்வரூப். இன்னொருவர் கொடைக்கானல் வானாய்வகத்தில் இருந்து ஆர். பார்த்தசாரதி. 1953 மார்ச்சில் இருவரும் சிட்னி போய்ச் சேர்ந்தார்கள்.

32 டிஷ்கள் எப்படி ஒரே தொலைநோக்கி ஆகும்?

சிட்னியில் பாட்ஸ் ஹில் என்று ஒரு இடம். ஊருக்குக் குடிநீர் கொடுக்கிற நீர்த்தேக்கம். அதன் கரையில் கிழக்கு மேற்காக 32 டிஷ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் சுமார் 6 அடி அகலம். வரிசையின் மொத்த நீளம் சுமார் 200 மீட்டர். கிறிஸ்டியான்சன் என்ற விஞ்ஞானி சூரியனைப் பார்க்கக் கட்டியது.

6 அடி டிஷ் ஒன்று தனியாகச் சூரியனைப் பார்த்தால் மங்கலான ஒரு பொட்டுதான் தெரியும். ரேடியோ அலை நீளமானது; அதில் நுணுக்கம் தெரிய வேண்டும் என்றால் டிஷ் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். 200 மீட்டர் அகலத்தில் ஒரு டிஷ் கட்டித் திருப்ப முடியுமா? முடியாது. அதற்குப் பதில் சின்னச் சின்ன டிஷ்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, எல்லாவற்றின் சிக்னலையும் ஒரே இடத்தில் சரியான நேரக் கணக்கில் சேர்த்தால், நுணுக்கத்தைப் பொறுத்தவரை 200 மீட்டர் டிஷ் மாதிரியே வேலை செய்யும். இதைத்தான் ரேடியோ தொலைநோக்கி அணி என்கிறார்கள்.

ஆரணி, படவேடு பக்கம் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். பாவில் ஒரு இழையை மட்டும் பார்த்தால் புடவையின் டிசைன் தெரியாது. பாவு நூல்கள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டு, குறுக்கே ஊடை ஓட ஓடத்தான் கரையும் பூவும் எழும்பி வருகின்றன. பாட்ஸ் ஹில்லிலும் அப்படித்தான். கிழக்கு மேற்கு வரிசை சூரியனை ஒரு திசையில் பட்டை பட்டையாகக் கீறிக் காட்டும். வடக்கு தெற்காக இன்னொரு வரிசை வேறு திசையில் கீறும். பூமி சுழலச் சுழலக் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாப் பட்டைகளையும் சேர்த்தால் சூரியனின் முழுப் படம் வரும். அதைச் சேர்க்க இப்போது மாதிரி கம்ப்யூட்டர் கிடையாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

அதிர்வெண்ணை மாற்றினால் என்ன தெரியும்?

அந்த 32 டிஷ்களும் முதலில் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 1420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வேலை செய்தன. ஸ்வரூப்பும் பார்த்தசாரதியும் அதே டிஷ்களை 500 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 60 சென்டிமீட்டருக்கு மாற்றி அமைத்தார்கள்.

எதற்காக? சூரியனுக்குப் பல அடுக்குகள் உண்டு. நாம் கண்ணால் பார்ப்பது கீழே இருக்கிற ஒரு அடுக்கு. அதற்கு மேலே இருக்கிற வாயு பல லட்சம் டிகிரி சூடானது. ரேடியோவில் ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒவ்வொரு உயரத்தைக் காட்டும். அதிர்வெண் குறையக் குறைய, இன்னும் மேலே இருக்கிற அடுக்கு தெரியும். கண்ணால் பார்த்தால் சூரியனின் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். ரேடியோவில் சில அலைநீளங்களில் ஓரம் நடுவைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும் என்று கோட்பாடு சொன்னது. ஆனால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 60 சென்டிமீட்டரில் பார்த்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்று அறிவித்திருந்தார்கள்.

இந்தியாவில் இருந்து பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் அதே அலைநீளத்தில் மறுபடி பார்த்தார்கள். ஓரம் பிரகாசமாகத்தான் இருந்தது. கேம்பிரிட்ஜ் முடிவுக்கு நேர் எதிரான முடிவு இது.

ஒளியின் அதிர்வெண் மாறுவதைப் பார்த்து மூலக்கூறுக்குள் நடப்பதைச் சொன்னவர் கிருஷ்ணன். அவர் அனுப்பிய ஆட்கள் அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் சூரியனின் அடுக்குகளைப் படித்தார்கள். யாரும் திட்டம் போட்டு நடந்தது இல்லை, இருந்தாலும் ஒற்றுமை கண்ணில் படுகிறது.

டிஷ்கள் வந்தன, ஆள் இல்லை

1955 தொடக்கத்தில் சிட்னியில் ஒரு செய்தி. கிறிஸ்டியான்சன் வேறு இடத்தில் இதைவிடப் பெரிய அணி கட்டப் போகிறார், பாட்ஸ் ஹில் டிஷ்கள் இனி வேண்டாம். ஸ்வரூப்புக்கு உடனே ஒரு யோசனை. இவற்றை இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? பாசியிடம் கேட்டார், கிருஷ்ணனுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணன் தயங்காமல் சம்மதித்தார். ஆஸ்திரேலியத் தரப்பும் இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது.

அப்போது இந்தியா இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் ஒவ்வொரு பவுண்டையும் எண்ணிச் செலவு செய்த காலம். டிஷ்கள் இலவசம்தான், ஆனால் கப்பல் கூலி? அதை யார் கொடுப்பது என்பதில் விஷயம் நின்றது. நூறு ரூபாய் மாட்டை ஓசியில் கொடுத்தும், ஓட்டிவரக் கூலி இல்லாத கதை.

1955ல் ஸ்வரூப் தில்லிக்கு வந்தார், காத்திருந்தார். டிஷ்கள் வரவில்லை. ஒரு வருஷம் போனது. 1956ல் அவர் அமெரிக்கா கிளம்பிவிட்டார். முதலில் டெக்சாஸில் ஹார்வர்டின் ரேடியோ நிலையம், பிறகு கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அவர் போன பிறகுதான் டிஷ்கள் தில்லி வந்து சேர்ந்தன. பிரித்துப் பொருத்தத் தெரிந்த ஆள் கடல் தாண்டி இருந்தார். தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அவை அப்படியே கிடந்தன.

இது கிருஷ்ணனின் தோல்வியா? ஒரு வகையில் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். புது ஆய்வகத்தை நடத்தும் சுமை, கமிட்டிகள், அரசு வேலைகள் என அவர் நேரம் பல பக்கம் சிதறியிருந்தது. அதற்கு நடுவிலும் சூடான உலோகக் கம்பிகள் எப்படி வெப்பத்தை இழக்கின்றன என்று சொந்த ஆராய்ச்சியையும் விடாமல் செய்தார். 1954ல் பத்ம பூஷண், 1958ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை முதன்முதலில் பெற்றவர் என்ற பெருமை, எல்லாம் வந்தன. ரேடியோ அணி மட்டும் எழும்பவில்லை.

1961 ஜூன் மாதம் தில்லியில் கிருஷ்ணன் காலமானார். வயது 62.

இரண்டு மாதம் கழித்து

அதே 1961 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உலக வானியலாளர்கள் கூடினார்கள். வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், கோவிந்த் ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோர், எல்லோரும் சேர்ந்து ஊருக்குத் திரும்பி ஒரே இடத்தில் வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவின் பெரிய அறிவியல் நிறுவனங்களுக்குத் திட்டம் எழுதி அனுப்பினார்கள். அடுத்த ஜனவரியிலேயே மும்பையில் இருந்து ஹோமி பாபா வரச் சொல்லித் தந்தி அடித்தார்.

1963ல் ஸ்வரூப் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். வந்ததும் தேடியது தில்லியில் கிடந்த அந்த 32 டிஷ்களைத்தான். அவை மும்பைப் பக்கம் கல்யாணுக்குப் போயின. கிழக்கு மேற்காக 24, வடக்கு தெற்காக 8. அதிர்வெண் 612 மெகாஹெர்ட்ஸ். 1965ல் சூரியனைப் பார்க்க ஆரம்பித்தது. டிஷ்களைக் கேட்டு வாங்க ஒப்புக்கொண்டவர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணில் கை பழகிய இளைஞர்கள்தான் அடுத்து ஊட்டிக்கு வந்தார்கள். நீலகிரியில் முத்தோரை அருகே, வடக்கு தெற்காகச் சரிகிற ஒரு மலைச்சரிவு. அந்தச் சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, 11 டிகிரி. அதனால் அங்கே நீளவாக்கில் கட்டினால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும்; அதை ஒரே பக்கமாகத் திருப்பினாலே போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970ல் வேலை செய்யத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது.

ஊட்டி தொலைநோக்கி ஒரே ஒரு அதிர்வெண்ணைச் சுற்றித்தான் கேட்கும், 326.5 மெகாஹெர்ட்ஸ். ஒரே வண்ணப் பட்டில் நெய்த புடவை மாதிரி. நேர்த்தியானது, ஆனால் வண்ணம் ஒன்றுதான்.

அகலமான அலைவரிசை ஏன் தேவை?

அடுத்து வந்ததுதான் மகாராஷ்டிராவில் நாராயண்காவ் பக்கம் கோடத் கிராமத்தில் இருக்கிற மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் அகலத்தில் 30 டிஷ்கள். 14 நடுவில் நெருக்கமாக, மீதி 16 மூன்று கைகளாகப் பிரிந்து. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே 25 கிலோமீட்டர் தூரம். டிஷ்களுக்குக் கனமான தகடு போடாமல், கயிறு மாதிரி இழுத்துக் கட்டிய கம்பிகளில் மெல்லிய வலையைப் பொருத்தியது ஸ்வரூப்பின் யோசனை. செலவு பெரிதும் குறைந்தது.

ஆரம்பத்தில் இந்தத் தொலைநோக்கி குறிப்பிட்ட ஐந்து அதிர்வெண்களில், ஒவ்வொரு முறையும் 32 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மட்டும் கேட்டது. 2010களில் பெரிய மேம்பாடு நடந்தது. இப்போது 120 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய இடைவெளி இல்லாமல் கேட்கும், ஒரே நேரத்தில் 400 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை பதிவு செய்யும்.

இதனால் என்ன லாபம்? முதலாவது, மங்கலானது தெரியும். அலைவரிசையின் அகலம் கூடினால் இரைச்சல் குறையும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும். 32ல் இருந்து 400 என்றால் அகலம் 12.5 மடங்கு, அதன் வர்க்கமூலம் சுமார் 3.5. அவ்வளவு மடங்கு மங்கலான பொருளையும் அதே நேரத்தில் பிடிக்கலாம்.

இரண்டாவது, நிறம் தெரியும். ஒரு பொருளின் ரேடியோ வெளிச்சம் அதிர்வெண் மாற மாற எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்பதை வைத்து, அது சூடான வாயுவா, காந்தப் புலத்தில் சுழலும் எலக்ட்ரானா என்று பிரித்துச் சொல்லலாம். பாட்ஸ் ஹில்லில் இரண்டு அதிர்வெண்ணுக்கு இரண்டு தடவை டிஷ்களைப் பிரித்து மாட்டினார்கள். இப்போது நூற்றுக்கணக்கான அதிர்வெண்கள் ஒரே மூச்சில் பதிவாகின்றன.

மூன்றாவது பல்சார்கள். வேகமாகச் சுழலும் செத்த நட்சத்திரங்கள் இவை; கலங்கரை விளக்கம் மாதிரி சீராகத் துடிக்கும். ஒரு துடிப்பு கிளம்பும்போது எல்லா அதிர்வெண்ணும் ஒன்றாகத்தான் கிளம்பும். வழியில் இருக்கிற எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணை அதிகமாகத் தாமதப்படுத்தும். அதனால் 300 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு 1400 மெகாஹெர்ட்ஸ் துடிப்புக்குப் பின்னால் வந்து சேரும். இந்தத் தாமதத்தைத் துல்லியமாக அளந்து கழித்தால்தான் துடிப்பின் உண்மையான நேரம் தெரியும். அதற்குக் குறைந்த அதிர்வெண்ணையும் அதிக அதிர்வெண்ணையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். இங்கேதான் அணிக்கு ஒரு வசதி: 30 டிஷ்களைக் குழுவாகப் பிரித்து, சிலவற்றை ஒரு அலைவரிசைக்கும் சிலவற்றை இன்னொன்றுக்கும் ஒதுக்கிவிடலாம்.

இந்திய பல்சார் குழு இதைத்தான் செய்தது. 2023 ஜூனில், பிரபஞ்சம் முழுக்க மெல்ல அலையடிக்கும் ஈர்ப்பு அலைகளுக்கான ஆதாரத்தை உலகின் பல குழுக்கள் ஒரே நாளில் அறிவித்தன. ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து அதில் இந்தியத் தரவும் இருந்தது.

திரும்பவும் ஆஸ்திரேலியா

தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிற சாலைக்கு டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 28ஐ தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடும்போது அவர் பெயர் சில இடங்களில் ஒரு வரியில் வரும், பல இடங்களில் வராது. ரேடியோ வானியலைப் பேசும்போது ஸ்வரூப் பெயரும் பாபா பெயரும் வரும். அந்த வரிசையில் முதல் பெயர் வத்திராயிருப்புக்காரருடையது என்பது ஸ்வரூப் எழுதிய நினைவுகளில் இருக்கிறது, பொதுப் பேச்சில் அதிகம் இல்லை.

2024 ஜனவரியில், ஸ்கொயர் கிலோமீட்டர் அரே என்ற சர்வதேச ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு 1,250 கோடி ரூபாய் ஒதுக்க இந்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் குறைந்த அதிர்வெண் பகுதி மட்டும் 1,31,072 ஆன்டெனாக்கள், 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை. அவை எழும்பிக்கொண்டிருக்கும் இடம் மேற்கு ஆஸ்திரேலியா.